ஆறு மணிப் படகுக்காரிகள்

சேச்சியின் கைக்கடிகாரம் ஆண்கள் கட்டுவது. பெரிய வெள்ளை முகம், கறுப்புத் தோல்வார். அவளுடைய மெலிந்த கையில் அது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எழுபதுகளின் நடுவில், மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எர்ணாகுளத்தில் கல்லூரி படித்த பெண்கள் நாங்கள் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் அந்த ஒரு கடிகாரம்தான். அவள் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். முறையாக அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். படகில் எல்லோரும் சேச்சி, சேச்சி என்றதில் எனக்கும் சேச்சியாகிவிட்டாள்.

நான் படிக்கத்தான் கல்லூரிக்குப் போகிறேன் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அவர் ஒரு சுக்குப் பண்டகசாலையில் குமாஸ்தா. பாவம், மகள் அறிவிப்புப் பலகையை மட்டும் மனப்பாடமாகப் படித்தது அவருக்குத் தெரியாது. கதாப்பிரசங்கம், திருவாதிரைக்களி நடனம், பட்டிமன்றம், ஓரங்க நாடகம், யாரோ ஒருவரின் கிட்டார் வாசிப்பு, எதையும் நான் விட்டதில்லை. ஆனால் எதையும் முழுதாகப் பார்த்ததுமில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது பதினான்கு வீட்டிலும் ஒரே சட்டம். அதற்கு ஆறு மணிப் படகைப் பிடிக்க வேண்டும். படகுத்துறைக்கு இருபது நிமிட நடை. அதனால் அரங்கின் கடைசி வரிசையில், கதவோரம் உட்காருவோம். ஐந்து முப்பத்தைந்துக்குச் சேச்சி தொண்டையைச் செருமுவாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நழுவுவோம்.

முடிவை மறுநாள் விடுதிப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஒருத்தி கதாநாயகி செத்துப்போனாள் என்பாள். இன்னொருத்தி இல்லை, கல்யாணம் ஆயிற்று என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். இருபது நாடகங்களின் பாதிக் கதைகளைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான்.

கல்லூரியில் சேச்சியின் கடைசி வருடத்தில் அவள் ஒரு ஓரங்க நாடகம் எழுதினாள். மலையாளத்தில். மகளுக்கு வந்த வேலைக் கடிதத்தை ஒளித்துவைக்கும் ஒரு தகப்பனின் கதை. ஆண்டுக் கலைவிழாவுக்கு அது தேர்வாகிவிட்டது. ஆனால் நிகழ்ச்சி நிரலில் கடைசி இடம். எங்கள் விழாக்கள் எந்தக் காலத்தில் நேரத்துக்குத் தொடங்கின? தன் நாடகத்தையே அவள் பார்க்க முடியாது. நிரலை மாற்றச் சொல்லிக் கலைச் செயலாளரிடம் போனோம். நாடகம் கடைசியில் வருவதுதான் வழக்கம் என்றான் அவன். அதோடு நிறுத்தாமல், "தமிழத்தி எழுதின மலையாள நாடகம் கடைசில இருக்கறதுதான் சௌகரியம், கூட்டம் வேகமா கலஞ்சு போவும்" என்று சிரித்தான். எனக்குக் கன்னம் எரிந்தது. சேச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அன்று படகில்தான் சொன்னாள். "கடைசி வரிசைலேர்ந்து நாம எறங்கிப் போனா யாருக்குத் தெரியும்? நாளைக்கு முன்வரிசை. பதினாலு பேரும். மனசிலாச்சா?"

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் முன்வரிசையைப் பிடித்துவிட்டோம். மூன்று மணி விழாவுக்குத் தலைமை விருந்தினர் நான்கு மணிக்கு வந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வரவேற்புரை, ஆண்டறிக்கை எல்லாம் முடிந்து நான்கரைக்கு அவர் பேச ஆரம்பித்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேச்சி எழுந்து நின்றாள். எழுந்ததைப் பார்த்து நாங்களும் நின்றோம். கல்லூரி முதல்வர் முறைத்தார். விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார்.

"சார், நாங்க ஆறு மணிப் படகுக்காரங்க. அஞ்சு முப்பத்தஞ்சுக்கு எங்களுக்குப் போகணும். மூணு வருஷமா ஒரு நாடகத்தோட முடிவும் நாங்க கண்டதில்ல. இன்னைக்குள்ளது நான் எழுதினது" என்றாள், தெளிந்த மலையாளத்தில்.

அந்த மனிதர் கையிலிருந்த தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "என் பேச்சுக்கு எந்தப் படகும் இல்லை, அது காத்திருக்கும். முதலில் நாடகம் நடக்கட்டும்" என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கி வந்து எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார். இன்றுவரை அவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

திரை விலகுமுன் சேச்சி கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் போட்டாள். "நீ மணி பாத்துக்கோ. எனக்கு நாடகம் பாக்கணும்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. ஒரு கண் மேடையில், ஒரு கண் முள்ளில். மக்கள் சிரித்த இடங்களில் நடிகர்கள் நின்று நின்று பேசியதில் நாடகம் நீண்டுகொண்டே போனது. ஐந்து முப்பத்தாறு. கடைசிக் காட்சி பாக்கி. மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சேச்சி கேட்டாள்: "மணி என்னாச்சு?"

"அஞ்சு இருபத்தெட்டு" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய்.

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். "அஞ்சரை" என்றேன். மேடையில் மகள் கடிதத்தைக் கண்டெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வாசல் கதவைத் திறந்தாள். திரை விழுந்தது. உண்மையில் ஐந்து நாற்பத்திரண்டு.

"எழுந்திருங்க!" என்று நான் பதறினேன். பதினான்கு பேரும் சட்டென்று எழுந்தோம். முடிவையே பார்த்திராத எங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. நாடகம் முடிந்தபின் திரை மறுபடி திறக்கும், நடிகர்கள் வணங்குவார்கள், அதற்குப் பிறகுதான் எழ வேண்டும். திரை திறந்தபோது முன்வரிசை மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. மரியாதைக்காக நிற்கிறோம் என்று நினைத்து விருந்தினர் எழுந்தார். அவர் எழுந்ததால் முதல்வர் எழுந்தார். அப்புறம் அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது. அந்தக் கலைச் செயலாளரும்தான். நடிகர்கள் கை நீட்டிச் சேச்சியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் செருப்பைக் கையில் பிடித்தபடியே ஏறி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இறங்கி ஓடினாள். பின்னால் நாங்கள். சாலைத் திருப்பம் வரைக்கும் கைதட்டல் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மூச்சிரைத்ததே தெரியவில்லை.

துறையில் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்த படகுக்காரர், "வேகம் வா மக்களே!" என்று கத்தினார். பதினான்கு பேரும் ஏறினோம். சேச்சி கை நீட்டிக் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தாள். ஆறு மூன்று. மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பாள் போல. என்னை உற்றுப் பார்த்து, "கள்ளி!" என்றாள். பிறகு இருவரும் மட்டாஞ்சேரி வரும்வரை சிரித்தோம்.

அடுத்த வருடம் விழா ஒன்றரை மணிக்கே தொடங்கியது. நாடகம் முன்னால் வந்தது, சிறப்புரை கடைசிக்குப் போனது. அதைக் கேட்க எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நாங்கள் படகில் இருந்தோம்.

அப்பா வேலை பார்த்த பண்டகசாலை இப்போது கலைக்கூடம். போன மாதம் ஒரு மாலையில் அங்கே நாடகம் போட்டார்கள். சேச்சியும் நானும் போயிருந்தோம், முன்வரிசையில்தான். அவளுக்குத் தலை முழுதும் நரைத்துவிட்டது. அவள் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை, அவளுக்காகக் காத்திருக்கும் படகும் இல்லை. இருந்தும் விளக்கணைந்ததும் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"நான் மணி கேட்டா, இன்னைக்கும் பொய்தான் சொல்லணும், கேட்டியா?"