ஹாஜிரா பீயின் காது

மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் ரகுபதி நாயுடுவுக்கு ஒரு அரிசி மில் இருந்தது. அதில் என்ஜின் டிரைவர் அப்துல் வஹீத். 1921இல் அந்த எண்ணெய் என்ஜின் படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து வேறு யாரும் அதைத் தொட அவர் விட்டதில்லை.

என்ஜினுக்குள் பிஸ்டன் ஓயாமல் போய் வரும். அதற்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மெல்லிய படலமாக எண்ணெய் நிற்க வேண்டும். மேலேயிருக்கும் கண்ணாடிக் கிண்ணம் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும். மில்லோ உமியும் தவிடும் பறக்கிற இடம். தூசி போய்க் குழாயை அடைத்தால் எண்ணெய் வற்றி, இரும்பை இரும்பு தின்ன ஆரம்பித்துவிடும். தொட்டுப் பார்த்துப் பயனில்லை. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால், சூடு கைக்குத் தெரிவதற்குள் காரியம் கெட்டுப்போயிருக்கும். முதலில் மாறுவது சத்தம்தான். வஹீத் ஒரு மூங்கில் கழியைச் சிலிண்டரில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு அழுத்திக் கேட்பார். வறட்டுச் சத்தம் லேசாக வந்தாலே குழாயைக் கழற்றி ஊதிவிடுவார்.

அந்த என்ஜினே அவர் காதைத் தின்றது. முதலில் பள்ளிவாசலின் பாங்கு ஓசை தேய்ந்துகொண்டே போயிற்று. காற்று திசை மாறி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கழியில் வெறும் அதிர்வு மட்டுமே மிஞ்சியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றடியிலிருந்து ஓடிவந்த மனைவி ஹாஜிரா பீ அவர் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினாள்.

"எத்தினி தபா கூப்டறது? உங்களுக்குக் காது கேக்கலியா?"

உதடசைவை வைத்துப் புரிந்துகொண்ட வஹீத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுவாரமே ஹாஜிரா மில்லில் தவிடு புடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கோஷாவில், திரைமறைவில் இருந்தவள், கல்யாணமான நாளிலிருந்து தனியாகத் தெருமுனையைத் தாண்டாதவள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அடிக்கடி என்ஜின் அறைக்குள் போய், முந்தானையைக் காதுக்கு மேல் தள்ளிவிட்டு, கழியை வைத்துக் கேட்பாள். முதல் தடவை வறட்டுச் சத்தம் வந்தபோது அது இன்னதென்றே அவளுக்குத் தெரியவில்லை. அவர் முகத்துக்கு நேராக நின்று, "அம்மியில காஞ்ச மொளகா அரைக்கிறாப்ல கீதுங்க" என்று வாயசைத்தாள். வஹீத் பாய்ந்துபோய்க் குழாயைக் கழற்றினார். உள்ளே தூசி களியாக அடைந்திருந்தது.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் என்ஜின் ஓடியது. புருஷனை ஒரு நாழி பிரிந்திருக்க முடியாதவள் என்று மில்லில் கேலி செய்தார்கள். ஹாஜிராவும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு அவளுக்கு இருமல் கண்டது. தவிட்டுத் தூசிதான் காரணம் என்றார் யுனானி வைத்தியர். "நீ வராதே, நான் எப்படியாவது பாத்துக்கறேன்" என்று வஹீத் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. நடக்கத் தெம்பில்லாமல் போன பிறகுதான் படுத்தாள்.

அவள் இல்லாமல் வஹீத் தினமும் குழாயைக் கழற்றிக் கழுவினார், கிண்ணத்தில் சொட்டு விழுவதைப் பார்த்தபடியே நின்றார். என்ஜின் கெட்ட அன்றும் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. அடைப்பு கீழே எங்கோ இருந்திருக்க வேண்டும். ஹாஜிராவோடு தவிடு புடைத்த முனியம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பாய்! நிறுத்து பாய்! இன்னாமோ கிரீச்சினு கத்துது பாய்!"

மில் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. வஹீத் முதுகைக் காட்டியபடி எண்ணெய்க் கேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். முனியம்மாள் தோளைப் பிடித்து உலுக்கியபோது காலடியில் தரை குதித்தது. பிஸ்டன் இறுகி நின்று, அதோடு இணைந்த தண்டு வளைந்து, சிலிண்டர் வாய் பிளந்துவிட்டது.

நாயுடு வந்து நின்றார். திட்டவில்லை. "காது போயி எவ்ளோ நாளாச்சு வஹீது?" என்று மட்டும் கேட்டார். வஹீத் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த என்ஜினை இனிச் சரிசெய்ய முடியாது, கரண்டு மோட்டார் வாங்கப்போகிறேன், அதற்கு டிரைவர் வேண்டாம் என்று நாயுடு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வஹீத் வீட்டில் இதைச் சொல்லவில்லை. வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிப்போய்க் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்புவார். "என்ஜின் நல்லா ஓடுது" என்பார். ஹாஜிரா தலையசைப்பாள். அவள் குரல் எப்போதோ கம்மிவிட்டது. உதடும் சரியாக அசையவில்லை. கடைசி நாட்களில் அவள் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் குனிந்து குனிந்து பார்த்தார், பிடிபடவில்லை.

அடக்கம் முடிந்து, துக்கம் கேட்க முனியம்மாள் வந்தாள். மில்லில் நடந்ததை மறுநாளே ஹாஜிராவிடம் தான் சொல்லிவிட்டதாகக் கையாலும் வாயாலும் அவருக்கு விளக்கினாள்.

"அதுக்குத் தெரியும் பாய். தனக்குத் தெரியும்னு உன்னாண்ட சொல்லாதேன்னுச்சு."

வஹீதுக்கு அது முழுக்கப் புரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த அறுவடைக்குப் படகுகள் வந்தபோது, அதே மில்லுக்கு நெல் மூட்டை சுமக்கும் ஆட்களோடு அவரும் நின்றார். வழிவிடச் சொல்லிப் பின்னாலிருந்து கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அதனால் மற்றவர்கள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.