இறவாரத்தில் நடந்த ஜெபம்

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நீங்கள் யாரும் பார்த்ததில்லை. உங்கள் அம்மை அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், இனிமேல் தெரிந்துகொள்ளலாம். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பிள்ளை குப்புற விழுந்து நீந்தத் தொடங்கின சமயம் வலிப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொள்ளும், கை கால் விறைத்துப்போகும். ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தோம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினோம். ஒன்றுக்கும் நிற்கவில்லை. ஒருநாள் நான் வயலுக்குப் போயிருந்த நேரம் உங்கள் அம்மை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆய்க்குடிப் பக்கம் மந்திரிக்கிறவன் ஒருவனிடம் நடந்தே போய்விட்டாள். அவன் செப்புத் தகடு ஒன்றைச் சுருட்டிக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் அரையில் கட்டி, பல் முளைக்கும்வரை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் பிள்ளை தங்காது என்று சொல்லி அனுப்பினான். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. கயிற்றை நான் பார்த்தேன். வேதக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஆகாதுதான். ஆனால் பிள்ளை சிரித்துக்கொண்டு கிடந்தது. நான் என்ன சொல்ல?

அந்தக் காலத்தில் நம் பக்கத்துச் சபைகள் எல்லாம் சாரல் மாதத்தில் குற்றாலத்தில் ஒரு வாரம் கூடும். தோப்புக்குள் பெரிய ஓலைக் கொட்டகை போடுவார்கள். வெளிச்சம் வருமுன் மணி அடித்ததும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார வேண்டும். குருவானவர் ஜெபத்தை ஆரம்பித்து வைப்பார். அவரை நாங்கள் ஐயா என்போம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக உபதேசியார் பாவ அறிக்கையை வரி வரியாகச் சொல்லிக்கொடுக்க, எல்லாரும் திரும்பச் சொல்லுவோம். அதற்கப்புறம் சபை மூப்பர் எழுந்து புத்தி சொல்லுவார். எங்கள் மூப்பர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்ந்தவர். ஜெபத்துக்கு வருகிறவர்களைக் கச்சேரிக்கு இழுத்துவந்தவர்களைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்.

கூட்டத்தின் கடைசி நாள் ஞானஸ்நானம். எங்கள் பிள்ளைக்கும் அன்றைக்குத்தான். ஐயா எங்கள் ஊருக்கு வருவது அபூர்வம். அதை விட்டால் எப்போது என்று சொல்ல முடியாது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை செத்தால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை, வேலிக்கு வெளியே கள்ளியோரத்தில் புதைப்பார்கள். உங்கள் அம்மைக்குப் பிள்ளையின் உயிருக்குக் கயிறு வேண்டும், ஆத்துமாவுக்கு ஞானஸ்நானம் வேண்டும். இரண்டும் கிடைக்கும் என்று நம்பித்தான் வண்டி ஏறினாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டத்தின் முதல் நாளே உபதேசியாரின் சம்சாரம் வாங்கி, எண்ணெய் தேய்த்து, அருவித் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் குளிப்பாட்டுவாள். நல்ல எண்ணத்தில் ஏற்பட்ட வழக்கந்தான். எங்கள் பிள்ளையின் துணியை அவிழ்த்ததும் கயிறு அவள் கண்ணில் பட்டது. குளிப்பாட்டாமல் அப்படியே எண்ணெயோடு தூக்கிக்கொண்டு நேரே மூப்பரிடம் போனாள்.

அன்றே தீர்ப்பு ஆயிற்று. சபைக்கு முன்னால் கயிற்றை அறுத்தால் ஞானஸ்நானம் உண்டு. அறுக்கும்வரை தாய் பிள்ளையோடு காலை ஜெபத்துக்குக் கொட்டகைக் கூரையின் இறவாரத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும், உள்ளே கால் வைக்கக் கூடாது. உங்கள் அம்மை அறுக்கமாட்டேன் என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஓலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். மலையிலிருந்து சாரல் சரிந்து வந்துகொண்டே இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவளுக்குப் பிடித்தேன். மூப்பர் பாதி ஜெபத்தில் எழுந்து வந்துவிட்டார்.

"என்னவே, தண்டனைக்குக் குடை பிடிக்கீரு? மடக்கிட்டு உள்ள வாரும்."

"பிள்ளை நனையுது, அண்ணாச்சி."

"பிள்ளையைக் கயிறு காப்பாத்தும்லா? அதுக்குத்தான கட்டியிருக்கா."

உள்ளேயிருந்து சிரித்தார்கள். பெண்கள் பக்கத்தில்தான் கூடுதல் சிரிப்பு. குடையை அவரே வாங்கி மடக்கிக்கொண்டார். நானும் அவளோடு நிற்கிறேன் என்றேன். நிற்கலாம், ஆனால் தகப்பனும் தள்ளுபடி ஆனால் பிள்ளையை யார் கொண்டுவந்து ஐயா கையில் கொடுப்பது என்று கேட்டார். உங்கள் அம்மை, உள்ளே போங்க என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சாந்தமான மனுஷர், யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒழுங்கு நடவடிக்கை மூப்பர்கள் கையில் இருக்கிறது, நான் தலையிட்டால் சபை உடையும் என்றார். உனக்காக ஜெபிக்கிறேன் என்றும் சொன்னார். ஜெபிக்கவும் செய்தார், அங்கேயே, என் தலையில் கை வைத்து.

அடுத்தடுத்த காலைகளிலும் அதே கதைதான். புத்தி சொல்லுகிற நேரம் மூப்பர் எந்த வசனத்தை எடுத்தாலும் கடைசியில் கையை வாசலுக்கு நீட்டாமல் முடிக்கமாட்டார். ஜெபம் முடிந்து வெளியே வருகிறவர்கள் அவளைப் பார்க்காமல் போக வேண்டும் என்பது கட்டளை. பார்க்காமல் போனால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒருத்தி நின்று, "மதினி, இந்தச் சாரலுக்காவ எங்கெங்க இருந்தோ வண்டி கட்டி வாராவ. ஒனக்கு ஜெபத்தோட சேத்துல்லா கிடைக்கு" என்றாள். அவள் எங்களுக்குத் தூரத்து உறவு. உங்கள் அம்மையின் கல்யாணத்துக்கு மஞ்சள் அரைத்தவள்.

பிள்ளைக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு இருமல். கடைசி நாளுக்கு முந்தின காலையில் இருமுகிறபோது உதடு நீலமாகப் போவதைப் பார்த்து உங்கள் அம்மை பயந்துபோனாள். பிள்ளை கள்ளியோரத்துக்குப் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள். பாவ அறிக்கை நடந்துகொண்டிருந்தது, எல்லாரும் முழங்காலில் இருந்தோம். அவள் ஈரச் சேலையோடு நடுவழியாக நடந்து வந்து மூப்பருக்கு முன்னால் பிள்ளையை நீட்டினாள்.

"அறுத்துக்கிடுங்க" என்றாள்.

அவர் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பாக்குவெட்டியை எடுத்தார். கொட்டைப்பாக்கு வெட்டுகிற அதே பாக்குவெட்டி. கயிற்றை அதில் நறுக்கி, தகட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாத்துக்கிடுங்க, இவ கும்பிட்ட சாமி எவ்வளவு பெருசுன்னு" என்றார். பிறகு அதைச் சின்னப் பையன்களிடம் எறிந்தார். அவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஆற்றில் போட ஓடினார்கள். உபதேசியார் பாட்டு எடுத்தார். உபதேசியாரின் சம்சாரம் உங்கள் அம்மையைக் கட்டிப்பிடித்து உச்சி மோந்தாள். உலர்ந்த துணி ஒன்று கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் வேட்டியைத்தான் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினேன்.

மறுநாள் ஞானஸ்நானம் ஆயிற்று. ஐயா தண்ணீரைத் தொட்டு வைத்தபோது பிள்ளையின் நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் விரலை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த பிள்ளையை வாங்கினார்.

ஊருக்கு வந்து அந்த வாரம்கூடத் தாண்டவில்லை. வலிப்பு வரவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து இழுத்துப் போய்விட்டது. வேலிக்கு உள்ளேதான் புதைத்தோம். மூப்பர் முன்னால் நின்று எல்லாம் ஒழுங்காக நடத்திவைத்தார். கயிறு கட்டின பாவத்துக்குக் கர்த்தர் கணக்குத் தீர்த்துக்கொண்டார் என்று மண் போடும்போது சொன்னார். உங்கள் அம்மையின் தாயார் வீட்டுக்கு வந்து, கயிற்றை அறுத்ததால்தான் பிள்ளை போயிற்று, அறுக்கக் கொடுத்த கை விளங்குமா என்று மகளைத் திட்டினாள். இரண்டு பேர் சொன்னதையும் உங்கள் அம்மை கேட்டுக்கொண்டு இருந்தாள்.

அடுத்த சாரலில் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். முதல் நாள் காலை ஜெபத்தில் உங்கள் அம்மை சாட்சி சொல்ல வேண்டுமாம். மந்திரக் கயிற்றை விட்டு மனந்திரும்பினவள் என்று மூப்பர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். போவோம் என்றாள்.

பாவ அறிக்கை முடிந்ததும் மூப்பர் கூப்பிட்டார். எழுந்து நின்று முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐயாகூடக் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லத் தயாராக இருந்தார்.

"கயிறு கட்டுனதுனால எம் பிள்ளை சாவல. அறுத்ததுனாலயும் சாவல" என்றாள். "நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணுனிய. எங்களை மழையில நிப்பாட்டிட்டு ஜெபம் பண்ணுனிய. பிள்ளை நனஞ்சுது. அதுல செத்துது."

இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூப்பர் உபதேசியாரைப் பார்த்து, "பாட்டை எடும்வே" என்றார். உபதேசியார் பதறிப்போய் எட்டாத சுருதியில் எடுத்துவிட்டார். சனம் முழுவதும் தொண்டை கிழியக் கூடப் பாடியது. அது முடிந்தால் பேசலாம் என்று உங்கள் அம்மை அப்படியே நின்றாள். உட்காரட்டும், நிறுத்தலாம் என்று அவர்கள் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை. கடைசி அடி முடியுமுன் உபதேசியார் அடுத்த பாட்டை எடுத்தார்.