தங்கையன் அண்ணாச்சியின் விளக்கில்லாத கடலை வண்டி

தங்கையன் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் மார்த்தாண்டத்திலிருந்து அவர் மகன் போன் செய்தார். "அப்பாக்க நோட்டுல ஒங்க நம்பர் கெடந்துச்சு சார். 'டைப்பு சாமி'ன்னு எழுதியிருக்கு. நீங்கதானே?"

நான்தான்.

அண்ணாச்சி திருவனந்தபுரம் சங்குமுகம் பீச்சில் கடலை விற்றவர். பிறகு ஊருக்குள் பழவங்காடியில் விற்றவர். இடம் மாறியதற்கு ஒரு காரணம் உண்டு... அந்தக் காரணம்தான் இந்தப் பதிவை எழுதுகிறது.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை அமாவாசை. வலியசாலையில் எங்கள் தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், கடல் ஸ்நானமும் தர்ப்பணமும் செய்ய விடியற்காலையில் சங்குமுகம் போனோம்.

மணலில் ஒரு கடலாமை. முட்டையிட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி, தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஆமையில்லைடா, சாக்ஷாத் கூர்மமூர்த்தியாக்கும்!" என்றார் சுப்புணி மாமா. எங்கள் தெருவில் எதற்கும் முதல் வார்த்தை அவருடையது. கடைசி வார்த்தையும்.

சந்தனம் இருந்தது. பூ இருந்தது. கற்பூரம் இருந்தது. ஒரே ஒரு குறை... மூர்த்தி மேற்கே பார்த்திருந்தார். எங்கள் ஊரில் கடல் மேற்கே இருக்கிறது, ஆமைக்கு வேறு வழியில்லை.

"மேக்கே பாக்க வெச்சு யாராவது பூஜை பண்ணுவாளோ? கிழக்கே திருப்புங்கோ."

நான்கு பேர் தூக்கித் திருப்பினோம். நானும் ஒருவன். அது மறுபடி மேற்கே திரும்பியது. மறுபடி திருப்பினோம். மூன்றாம் முறை அப்படியே கிடந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஆனந்த பாஷ்பம்" என்றார் மாமா.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்தவர், சத்தம் கேட்டு எழுந்து வந்தார்.

"சாமி, அதப் புடிச்சு எதுக்குத் திருப்புதிய? அது கடலுக்குப் போவட்டு."

"நீர் சர்ச்சுக்குப் போற வேதக்காரர். ஒமக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போறது?"

"எனக்குத் தெரியாது சாமி. அதுக்குத் தெரியும்லா?"

தர்ப்பணத்துக்கு நேரமாகிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போய், எல்லோரும் தெற்கே பார்த்து உட்கார்ந்தோம். மந்திரத்தின் நடுவில் நான் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சி ஒற்றை ஆளாக மண்டியிட்டு, அதைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

எழுந்து வந்தபோது மணலில் பூ மட்டும் கிடந்தது.

"அந்தர்த்தானம் ஆயிட்டார்!" மாமா அழுதேவிட்டார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அற்புதம் நடந்த இடத்தில் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சாயங்காலம்தோறும் ஒரு விளக்கு வைப்பது என்று தெரு முடிவு செய்தது. கடைசி நாளில் நூற்றெட்டு விளக்கு.

ஆமை முட்டை பொரியவும் ஏறக்குறைய அத்தனை நாள்தான் ஆகும். இது எங்களில் யாருக்கும் தெரியாது. வேதக்காரருக்குத் தெரியும்.

முட்டை கிடந்த மணலை யாரும் மிதிக்காமல், தோண்டாமல் இருக்க, அவர் தன் வண்டியை அதை ஒட்டியே நிறுத்தினார். இருட்டிய பிறகும் வண்டியில் விளக்கு ஏற்றவில்லை. அடுப்பும் மூட்டவில்லை. காலையில் வறுத்து ஆறிப்போன கடலை... வாங்க ஆளில்லை.

"என்ன அண்ணாச்சி, இருட்டுல கல்லும் கடலையும் கலந்து விக்கறேளா?" என்று கேட்டேன். எனக்கு அப்போதே நகைச்சுவை உணர்வு அதிகம்.

"குஞ்சு வெளிய வந்தா வெட்டம் எங்கயோ அங்கதான் போவும் சாமி. வெளிச்சம் தெரியிற எடம் கடலுன்னு அதுக்க நெனப்பு. கடைசி நாளு நூத்தெட்டு வெளக்கு வேண்டாம்னு ஒங்க மாமாகிட்ட சொல்லுங்க."

சொல்லவில்லை. சொன்னால், அந்தர்த்தானம் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம். ரோட்டோரச் சுவரை ஒட்டி நூற்றெட்டு அகல். பீச்சுக்குக் காற்று வாங்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள்.

இருட்டியதும் மணல் அசைந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள்... கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விளக்கை நோக்கி.

"குட்டிக் கூர்மமெல்லாம் தீபாராதனை பாக்க வந்திருக்கு!" என்று மாமா கை கூப்பினார். ஜனங்கள் தரிசிக்க ஓடி வந்தார்கள். செருப்போடு.

அண்ணாச்சி மட்டும் காலுக்கடியில் குனிந்து குனிந்து, குஞ்சுகளைக் கடலைக் கூடையில் பொறுக்கினார். "கள்ளன்! கள்ளன்!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு கை கூடையைத் தட்டிவிட்டது.

மறுநாள் போலீசுக்கு மனு தயாரானது. ஆமைக்குஞ்சு திருடினார், பக்தர்கள் மனத்தைப் புண்படுத்தினார் என்று... மூன்று காப்பி, நல்ல இங்கிலீஷ். அதில் வந்த 'ஹாபிச்சுவல் நியூசன்ஸ்' என்ற பிரயோகத்தை மாமா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அது என்னுடையது. டைப்பும் என்னுடையது.

ஒரு வாரத்தில், அந்த வண்டிக்கு பீச்சில் இடமில்லை என்று ஆகிவிட்டது.

பிறகு பல வருஷம் பழவங்காடியில் அவரிடமே கடலை வாங்கித் தின்றேன். அங்கே வண்டியில் விளக்கு வைத்திருந்தார். கடலையும் சூடாக இருக்கும்.

ஒருநாள் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க அடிச்ச பேப்பர எனக்கு வாசிச்சுக் காட்டினாவ சாமி. நல்ல இங்கிலீஷுன்னு சொன்னாவ."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "அன்னிக்குக் கூடையிலே எத்தனை இருந்தது அண்ணாச்சி?"

"நீங்க தட்டிவிட்டதுக்கு மின்னயா, பொறவா?"

பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நாளை அடக்கம்.

கமெண்டில் வழக்கம்போல யாரும் விளக்குப் படம் போட வேண்டாம்.

போய் வாருங்கள் அண்ணாச்சி... நேரே மேற்கே.