கேட்டால்தான் பதில்

என் அப்பா காலத்து வகுப்பறையில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்டால், வாயை மூடச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பேன். கணக்கும் வரலாறும் அதற்குப் பிறகுதான். கையைக் கட்டி உட்கார வேண்டும். வாத்தியார் கேட்டால் எழுந்து நின்று தெளிவாகப் பதில் சொல்லி, உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். கேட்காமல் சொன்னால், விடை சரியாகவே இருந்தாலும் பிரம்படி. சொல்லியே தீர வேண்டுமென்றால் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்பா ஒரு நாள்கூட அடி வாங்கியதில்லையாம். அதில் பெருமை வேறு!

படிப்புக்கேற்ற வேலையும் அமைந்தது. எட்டு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். சொன்ன மாடிக்குப் பொத்தானை அழுத்தியே முப்பத்தொரு வருஷம் ஓட்டிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாய் அம்மாவுடையது. அவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்ரே வாங்க நான் கீழே ஓடினேன். போகிற அவசரத்தில், "எதையாவது சொல்லிக் குழப்பாதீங்கப்பா, நான் வந்து பேசிக்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். அவர் என்றைக்குப் பேசிக் குழப்பியிருக்கிறார்? என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

அப்புறம் நடந்தது பக்கத்துக் கட்டில் பெண் சொல்லித்தான் தெரியும். நர்ஸ் ஊசியோடு வந்து, "பென்சிலின் ஒத்துக்குமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். காய்ச்சல் மயக்கத்தில் அம்மா சரியென்று தலையாட்டியிருக்கிறாள். அப்பா சட்டென எழுந்து கையைத் தூக்கியிருக்கிறார்.

"ஒரு நிமிஷம் பெரியவரே, ஊசியைப் போட்டுட்டு வரேன்."

அப்பா அந்த ஒரு நிமிஷம் காத்திருந்தார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, காப்பாற்ற முடியவில்லை என்றார். பிறகு, "இதுக்கு முன்னாடி இந்த ஊசி போட்டு ஏதாவது ஆச்சா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அப்பா எழுந்தார்.

"ஆச்சு சார். என் மக இவ பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. பென்சிலின்தான். அஞ்சே நிமிஷத்துல முகம் வீங்கி மூச்சு அடைச்சுது. இனிமே போடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார்."

ஒரு சொல் பிசகவில்லை.

"இதை ஏங்க முன்னாடியே சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலையே சார்."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டாக்டர் போய் வெகு நேரம் ஆகியும் அப்பா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.