விரல் காட்டும் வேலை

செம்பாக்கத்தில் தெருத்தெருவாக மீன் விற்ற பூங்காவனத்துக்கு, 2006-இல் ஒரு மருத்துவக் கல்லூரியில் பரீட்சை நாட்களில் மட்டும் ஒரு வேலை கிடைத்தது: சாவுச் செய்தியைப் பக்குவமாகச் சொல்ல மாணவர்களுக்குத் தெரிகிறதா என்று பார்க்க, இறந்தவரின் மனைவியாக நடிப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். மாணவன் ஒருவன் உள்ளே வந்து, "உங்க வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா" என்பான். அவள் அழ வேண்டும். அவன் போனதும், சொன்ன விதத்துக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று விரலால் காட்ட வேண்டும்.

"நிக்க வெச்சு சொன்னான்னா ஒண்ணு கொறச்சிருவேன் சார்" என்று பரீட்சை வைக்கும் டாக்டரிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதல் வருஷம் நிஜமாகவே அழுதாள். மூன்றாம் வருஷம் கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது. மனசு மறுநாள் வாங்க வேண்டிய சங்கரா மீனைப் பற்றி யோசித்தது.

அந்த ஆடியில் அவள் புருஷன் துளசிங்கம் கடலில் வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவளிடம் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். அவள் கண்ணைப் பார்த்து, மெதுவாக, "உங்க வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

பூங்காவனத்துக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் தானாக உயர்ந்து நாலு விரலைக் காட்டியது.

"உக்கார வெக்கலியே நீ" என்றாள்.