அத்தை கையில் ஏறிய சிங்கம்

அத்தையின் வலது கையில் நான் சிங்கம் வரைந்திருக்கிறேன், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எட்டு நாள். நுண்ணுயிரியல் படிக்கிற இந்த வயதில் இதைச் சொன்னால் கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது நான் தரம் நான்கு. சிரிக்க அதில் ஒன்றுமில்லை, அது வைத்தியம்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தார். கொழுந்து பறிக்கையில் நடுவிரலில் ஏதோ முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி, அவ்வளவாக வலிக்காத கட்டி. அது உடைந்து புண்ணானபோது புறங்கையில் இன்னொன்று, மணிக்கட்டில் இன்னொன்று. எறும்பு வரிசை போல ஒழுங்காக மேலே ஏறின. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்கு அவை மசியவில்லை.

அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது அக்கிதான். கொடி கணக்கா ஓடுது பாருங்க. எழுதினாத்தான் எறங்கும்."

அக்கி எழுதுகிறவர் நோர்வூட் பக்கமிருந்து வந்தார். காவிக்கட்டியை உரசிக் குழைத்து, கோழி இறகால் புண்களைச் சுற்றி ஒரு சிங்கம் எழுதினார். மூன்று மாலை எழுத வேண்டும். மழை பிடித்தால் தன்னால் வர முடியாது, கோட்டின்மேல் கோடு போட்டால் போதும் என்று மீதிக் காவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மழை பிடித்துக்கொண்டது. பாடசாலையில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கியவள் நான் என்பதால் இறகு என் கைக்கு வந்தது.

கோட்டின்மேல் கோடு போடுவது எனக்குப் போதவில்லை. பிடரி வைத்தேன், மீசை வைத்தேன். "என்னாடி, ஒன் சிங்கத்துக்கு வயித்து வலியா? மூஞ்சி இப்பிடிப் போகுது" என்றார் அத்தை. மூன்றாம் மாலை காவி தீர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்கரையும் அதே சிவப்புத்தானே. ஒரு சிரட்டை தோண்டிக் குழைத்து வரைந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை மட்டும் கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்.

மூன்று நாளில் இறங்காததால் அம்மா அதை ஒன்பது நாளாக்கினார். கட்டியோ முழங்கை நோக்கி ஏறியது. வழிமறிக்க அங்கே இரண்டாவது சிங்கத்தை நிறுத்தினேன். அதன் முதுகிலேயே புதுக்கட்டி முளைத்தது. அத்தைக்கு விரல் மடங்கவில்லை. "இப்பிடியே விட்டா கைய எடுத்துருவாங்க" என்று அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. எடுத்து எங்கே வைப்பார்கள் என்று யோசித்தேன்.

மறுநாளே ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியாப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா துண்டுச்சீட்டு வாங்குகிற வரிசையில் நின்றார். அத்தைக்குச் சிங்களம் சரியாக வராது, எனக்கு வரும். ஆகவே டொக்டர் முன்னால் மொழிபெயர்ப்பாளர் நான்.

டொக்டர் பஞ்சால் இரண்டு சிங்கங்களையும் துடைத்தார். அடியில் இருந்த வரிசையைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு அது பிடிக்கவில்லை. பூஞ்சணமாக இருக்கலாம் என்றார். மண்ணிலும் செடியிலும் இருக்குமாம், முள்ளோடு உள்ளே போகுமாம். மழைக்காலத்தில் சப்பாத்தில் பூக்கிறதே, அது எப்படி உயிரோடு நடமாடுகிற அத்தைக்குள் பூக்கும்? வெயிலில் வைத்தால் போகுமா? கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். அதை நான்தான் அத்தையிடம் சொல்ல வேண்டும்.

"புண்ணுல மண்ணு எதுவும் பூசுனீங்களான்னு கேக்குறாரு, அத்தை."

அத்தை கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேயில மலையில நிக்கிறவளுக்கு மண்ணு படாத நாளு எதுன்னு கேளு. பூசுனது கடையில வாங்குன காவின்னு சொல்லு."

சொன்னேன். என் சிங்களம் அவ்வளவு சரளமாக அதற்கு முன் வந்ததில்லை.

கட்டியிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். அதை வளர்த்துப் பார்த்துத்தான் உறுதி சொல்வார்களாம். நோயை யாராவது வளர்ப்பார்களா? அத்தைக்கும் அதே குழப்பம். "நான் போட்ட கீரையே வளர மாட்டேங்குது, இவங்க என் புண்ண வளக்கப் போறாங்களாம்" என்றார். வாரக்கணக்கில் அது வளர்ந்தது. பூஞ்சணமேதான். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். கை பிழைத்தது, விரல் மடங்கியது. அக்கி எழுதியதால்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். என் மண் ஏதாவது கெடுதல் செய்ததா, இல்லை எல்லாம் அந்த முள்ளின் வேலையா? இத்தனை படித்தும் எனக்குத் தெரியவில்லை.

அன்று துணுக்கு வெட்டிய பிறகு வெளியே வந்ததும் அத்தை என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நக இடுக்கெல்லாம் கழுவினார். புறங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயாச்சும் கீறிக்கிட்டியா? பொய் சொல்லாத."

"இல்ல, அத்தை."

டொக்டரிடம் பொய் சொன்னது அவர், கண்டிப்பு எனக்கா என்று கோபம் வந்தது. அவர் முதல் விரலிலிருந்து மறுபடி கழுவத் தொடங்கினார். நுவரெலியாத் தண்ணீர் ஊசியாய்க் குத்த, கையை உதறிக்கொண்டு அப்பா நிற்கிற பக்கம் ஓடினேன்.