ஐயா வீட்டு டிவியில் அகதிகள்

சேத்தியாத்தோப்பு ரைஸ்மில் வேலையை உதறிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். சாலையோர டீக்கடை டிவியில் ஏதோ போர் நாடகம். குண்டு வெடித்ததும் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

எண்பதுகளில், நெய்வேலி குவார்ட்டர்ஸில் அம்மா பாத்திரம் தேய்த்த ஆபீசர் வீட்டிலும் இப்படித்தான் அழுதார்கள். ஒரு நாவலிலிருந்து எடுத்த இந்தித் தொடர் அது. போரில் ஊரைவிட்டு ஓடிவந்தவர்களை முன்பின் தெரியாத ஒருத்தி தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். நாவலைப் படித்திருந்த ஆபீசர் ஐயா, தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் கதை சொன்னார். "புக்ல இன்னும் உருக்கமா இருக்கும்" என்று மூக்கை உறிஞ்சினார்.

விளம்பரம் வந்தபோது அம்மா ஐயாவிடம் கேட்டாள்: "நெலக்கரி மைன்ஸுக்கு எங்க வூட்ட எடுத்துக்கினாங்க. நாளைக்கு இடிக்கிறாங்களாம். பொட்டி சட்டியெல்லாம் ஒங்க ஷெட்டுல நாலு நாளு வெச்சிக்கிறோங்க."

"வெளியாள் சாமான் குவார்ட்டர்ஸ்ல வைக்கக் கூடாதும்மா. ரூல்ஸ். உஷ், ஆரம்பிச்சிட்டான்."

ஐயாவின் மனைவி மறுபடி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அம்மா எழுந்துவிட்டாள்.

"அழுவறதுக்கு மட்டும் ரூல்ஸ் இல்ல போல" என்றாள் தெருவில்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எங்கள் ஊரை இடிக்க வந்த கான்ட்ராக்டரிடம் கூலிக்குச் சேர்ந்தேன். முதலில் எங்கள் வீட்டுக் கூரையைத்தான் பிரிக்கச் சொன்னான். பிரித்தேன்.